அம்மா எழும் நேரத்தில் நான் படுக்கிறேன்

கேள்வி:

டாக்டர், எனக்கு வயது 31. ராத்திரி 3 மணிக்கு முன்னால் எனக்குப் பொட்டுத் தூக்கம் வருவதில்லை. நான் விளக்கை அணைக்கும் நேரத்தில் அம்மா எழுந்து விளக்கைப் போடுகிறார். அம்மா இரவு 8 மணிக்கே உட்கார்ந்தபடி தூங்கி விழுவார். இளம் வயதிலிருந்தே அப்படித்தானாம். பாட்டியும் அப்படித்தான் இருந்தாராம். நான் நேர் எதிர். பள்ளியின் கடைசி வருடங்களிலிருந்தே ராக்கோழி. வேலை நாளில் 7 மணிக்கு அலாரம் வைத்து எழுகிறேன். சாயங்காலம் 4 மணிக்குக் கண் சொக்கும். சரி, இன்று சீக்கிரம் தூங்கிவிடலாம் என்று 11 மணிக்குப் படுத்தால் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறேன். லீவு நாளில் 3 மணிக்குப் படுத்து 11 மணி வரை அடித்துப் போட்டாற்போல் தூங்குகிறேன். யாரோ சொன்னார்கள் என்று ஒரு வாரம் விடியற்காலை எழுந்து, சூரியன் ஏறும் நேரத்தில் நடந்தேன். அந்த வாரம் இன்னும் மோசம். தோழி தந்த மெலட்டோனின் மாத்திரையைப் படுக்கும்போது போட்டுப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் மேலாளர், "எனக்கு 5 மணி நேரம் போதும், எல்லாம் பழக்கம்தான்" என்கிறார். வீட்டில் சோம்பேறி என்கிறார்கள். இது ஜீனா, பழக்கமா? மரபணுச் சோதனை செய்துகொள்ளலாமா? அம்மாவை டாக்டரிடம் காட்ட வேண்டுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில்தான் என் கண் நின்றது: லீவு நாளில் 3 மணிக்குப் படுத்து 11 மணி வரை அடித்துப் போட்டாற்போல் தூங்குவது. தூக்கமின்மை நோய் உள்ளவருக்கு லீவு நாளும் வேலை நாளும் ஒன்றுதான். எப்போது படுத்தாலும் புரண்டுகொண்டிருப்பார், வந்த தூக்கமும் நடுவில் கலைந்துபோகும். உங்களுக்குத் தூக்கம் முழுதாக வருகிறது; வரும் நேரம்தான் அலுவலக நேரத்தோடு பொருந்தவில்லை. இதைத் தாமதத் தூக்கக் கட்டம் என்போம். நேரில் பார்க்காமல் முத்திரை குத்தக் கூடாதுதான், ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பது அதன் பாடப்புத்தக வர்ணனை போலவே இருக்கிறது. சோம்பலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வெறும் 4 மணி நேரத் தூக்கத்தோடு வாரம் முழுக்க வேலைக்குப் போய்வருகிறவரைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஜீனா, பழக்கமா என்ற கேள்விக்கு வருவதற்கு முன் அதை இரண்டாகப் பிரித்துக்கொள்கிறேன். தூக்கம் எப்போது வருகிறது என்பது ஒரு கேள்வி. எவ்வளவு தூக்கம் தேவை என்பது வேறு கேள்வி. மூளையில் இவற்றை வேறு வேறு ஏற்பாடுகள் கவனித்துக்கொள்கின்றன. உங்களுக்கும் அம்மாவுக்கும் இருப்பது ‘எப்போது’ சிக்கல். மேலாளர் பெருமையடிப்பது ‘எவ்வளவு’ பற்றி. அவருடைய அளவுகோலை வைத்து உங்களை நீங்களே அளந்துகொண்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

1982-இல் சூரிச் நகர ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பெலி இந்த இரண்டையும் சேர்த்து ஒரு மாதிரியை எழுதினார். தூக்க ஆய்வில் இன்றும் எல்லோரும் அதிலிருந்துதான் தொடங்குகிறோம். விழித்திருக்க விழித்திருக்கத் தூக்க அழுத்தம் ஏறுகிறது, தூங்கினால் இறங்குகிறது. இதில் அடினோசினுக்குப் பங்கு உண்டு. மூளைச் செல்கள் ஆற்றலைச் செலவழிக்கும்போது மிஞ்சும் பொருள் அது. பகல் முழுக்கச் சேர்ந்து, விழிப்பு நரம்புகளை மெல்ல அடக்குகிறது. காப்பியிலுள்ள காஃபீன் அடினோசினை அழிப்பதில்லை. அது போய் ஒட்ட வேண்டிய ஏற்பிகளில் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது, அவ்வளவுதான். குடித்த காஃபீனில் பாதி உடலை விட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் இது நிறைய மாறும். சாயங்காலம் 4 மணிக்குக் கண் சொக்கும்போது நீங்கள் காப்பி குடிப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். ஊகம் சரியென்றால் அதை மதியத்துக்கு முன் தள்ளிவிடுங்கள்.

இரண்டாவது ஏற்பாடு கடிகாரம். நீங்கள் தூங்கினாலும் தூங்காவிட்டாலும் அது தன் சுற்றைச் சுற்றும். இரண்டு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் மூளையின் அடியில் ஒன்றையொன்று குறுக்கே கடக்கின்றன. அந்தச் சந்திப்புக்கு நேர் மேலே, ஹைப்போதலாமஸ் பகுதியில், குண்டூசித் தலை அளவில் ஒரு ஜோடி நரம்புத் திரள்கள் உண்டு. பெயர் சூப்ராகயாஸ்மாட்டிக் நியூக்ளியஸ். மொத்தம் சுமார் 20,000 செல்கள். உடலின் தலைமைக் கடிகாரம் இதுதான் என்பதற்கு எனக்கு மிகப் பிடித்த சான்று 1990-இல் வந்தது. மார்ட்டின் ரால்ஃபும் மைக்கேல் மெனாக்கரும் வெள்ளெலிகளில் ஒரு மாற்று அறுவை செய்தார்கள். ஒரு வகை வெள்ளெலிக்கு, மரபணுப் பிழையால், நாள் என்பதே 20 மணி நேரம்தான். அதன் கடிகாரத் திரளை எடுத்து, திரள் நீக்கப்பட்ட சாதாரண வெள்ளெலியின் மூளையில் வைத்தார்கள். வாங்கிய எலியும் 20 மணி நேர நாள் வாழ ஆரம்பித்தது. தந்த எலியின் நேரமே அதன் நேரமாகிவிட்டது.

சாயங்காலம் சொக்கிய கண் ராத்திரி எப்படித் தெளிகிறது என்ற உங்கள் புதிருக்கும் விடை இந்தக் கடிகாரத்தில்தான் இருக்கிறது. பொழுது ஏற ஏறத் தூக்க அழுத்தம் கூடுகிறதல்லவா, அதை எதிர்த்து நம்மை நிமிர்த்தி வைக்கும் சமிக்ஞையைக் கடிகாரம் அனுப்புகிறது. அது உச்சத்துக்கு வருவது நடுப்பகலில் இல்லை. வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு. பெரெட்ஸ் லாவி என்ற ஆய்வாளர் ஒரு விசித்திரமான சோதனை செய்தார். 7 நிமிடம் படுத்துத் தூங்கப் பார்க்க வேண்டும், 13 நிமிடம் எழுந்திருக்க வேண்டும். இப்படியே இரவு பகலாக. தூங்காமல் களைத்துப் போனவர்கள்கூட மாலையின் கடைசிப் பகுதியில் ஒரு சில மணி நேரம் தூங்க முடியாமல் தவித்தார்கள். 1986-இல் அந்த இடைவெளிக்குத் தடைப்பகுதி என்று பெயர் வைத்தார். 11 மணிக்குத் தூங்குகிறவருக்கு அது 8 மணி வாக்கில் வந்து போய்விடும், அவர் கவனித்திருக்கவே மாட்டார். 3 மணிக்குத் தூங்கும் உங்களுக்கு அது நள்ளிரவையொட்டி வருகிறது. அதாவது, நீங்கள் 11 மணிக்குப் படுக்கும்போது நாளிலேயே தூங்க மிகக் கடினமான வேளை பார்த்துப் படுக்கிறீர்கள். அரை மணி நேரத்தில் தூக்கம் வராவிட்டால் கவலை வரும், கவலை வந்தால் இன்னும் விழிப்பு.

ஏன் கவலை வந்தால் இன்னும் விழிப்பு? இதற்கு 1917-க்குப் போக வேண்டும். அப்போது ஒரு மூளைக்காய்ச்சல் பரவியது. வியன்னாவில் கான்ஸ்டன்டின் ஃபோன் எகோனோமோ இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்தார். பெரும்பாலான நோயாளிகள் நாள் கணக்கில் தூங்கினார்கள். அவர்களுக்கு ஹைப்போதலாமஸின் பின்பகுதியையொட்டிச் சேதம். சிலர் மட்டும் தூங்கவே முடியாமல் தவித்தார்கள். அவர்களுக்கு முன்பகுதியில் சேதம். அப்படியானால் முன்பக்கம் தூங்க வைக்கிறது, பின்பக்கம் விழிக்க வைக்கிறது என்று கணித்தார். பல பத்தாண்டுகளுக்குப் பிறகு, 1996-இல், கிளிஃபர்ட் சேப்பரின் குழு அந்த முன்பக்கத்தில், தூங்கும்போது மட்டும் சுறுசுறுப்பாகும் செல்களை அடையாளம் கண்டது. இந்தத் தூக்கச் செல்கள் விழிப்புச் செல்களை அடக்குகின்றன. விழிப்புச் செல்கள் பதிலுக்கு இவற்றை அடக்குகின்றன. எது ஜெயிக்கிறதோ அது மற்றதை முழுதாக அமுக்கிவிடும். மின் ஸ்விட்ச் மாதிரி இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம், நடுவில் நிற்காது. விழிப்புப் பக்கத்தை அழுத்திப் பிடித்திருக்கும் விரல் போல ஒரெக்சின் என்ற வேதிப்பொருள் உண்டு. 1998-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன. அதைச் சுரக்கும் செல்கள் அழிந்துபோனவர்களுக்கு நார்கோலெப்சி என்ற நோய். ஸ்விட்ச் பிடிமானம் இல்லாமல், பேசிக்கொண்டிருக்கும்போதே தூக்கத்துக்குச் சாய்ந்துவிடும்.

ஸ்விட்ச்சைத் தூக்கத்தின் பக்கம் தள்ள அழுத்தமும் கடிகாரமும் சேர்ந்து வர வேண்டும். கடிகாரம் ஒத்துழைக்காத நேரத்தில், "தூங்கியே தீர வேண்டும்" என்ற உங்கள் முயற்சியே விழிப்புப் பக்கத்துக்கு எடை போடுகிறது. ஆகவே 11 மணிக்குப் படுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். கண் அயரும்போது மட்டும் படுக்கைக்குப் போங்கள், அது 2:30 ஆனாலும் பரவாயில்லை. அந்த நேரத்தை எப்படி முன்னால் நகர்த்துவது என்பதை அப்புறம் சொல்கிறேன்.

இப்போது ஜீனுக்கு வருவோம். 1971-இல் ரொனால்ட் கோனோப்கா என்ற மாணவர், தன் பேராசிரியர் சீமோர் பென்சரோடு சேர்ந்து, பழ ஈக்களில் கடிகாரம் பிசகிய மூன்று வகைகளைக் கண்டார். ஒன்றுக்கு நாள் 19 மணி நேரம், ஒன்றுக்கு 28 மணி நேரம், மூன்றாவதுக்கு ஒழுங்கே இல்லை. மூன்று பிழைகளும் ஒரே மரபணுவில் இருந்தன. ஒரு நடத்தையை, அதுவும் நேரம் என்ற பிடிபடாத ஒன்றை, ஒற்றை மரபணு இப்படி ஆட்டுவிக்கும் என்று அன்று பலர் நம்பத் தயாராக இல்லை. அந்த மரபணுவுக்குப் பீரியட் என்று பெயர். 1984-இல் அதைப் பிரித்தெடுத்து, பிறகு அது ஓடும் விதத்தையும் விளக்கியதற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவரும் 2017-இல் மருத்துவ நோபல் பெற்றார்கள்.

ஓடும் விதம் எளிதுதான். தண்ணீர்த் தொட்டியின் மிதவைக் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி நிறைந்தால் மிதவை ஏறிக் குழாயை மூடும். தண்ணீர் இறங்கினால் மிதவை இறங்கிக் குழாய் திறக்கும். செல்லுக்குள் க்ளாக், பிமால்1 என்ற இரண்டு புரதங்கள் குழாயைத் திறக்கின்றன. பெர், க்ரை என்ற புரதங்கள் தயாராகித் தேங்குகின்றன. போதிய அளவு சேர்ந்ததும் அவை செல்லின் உட்கருவுக்குள் போய், தங்களைத் தயாரிக்கும் குழாயையே மூடுகின்றன. பிறகு மெல்லச் சிதைந்து குறைகின்றன, குழாய் மறுபடி திறக்கிறது. ஒரு சுற்றுக்குச் சுமார் 24 மணி நேரம். பெர் புரதம் எவ்வளவு வேகமாகச் சிதைகிறது என்பதைப் பொறுத்துச் சுற்று குறுகும் அல்லது நீளும். அந்த வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு நொதியின் மரபணுவில்தான் மேலே சொன்ன 20 மணி நேர வெள்ளெலிக்கும் பிழை.

உங்கள் அம்மா கதைக்கு இங்கே கிட்டத்தட்ட அச்சு அசலான ஒரு முன்னோடி உண்டு. 1999-இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் ஜோன்ஸ், லூயி டாசெக் ஆகியோர் சில குடும்பங்களை விவரித்தார்கள். மாலை ஏழரை வாக்கில் தூங்கி, விடியற்காலை நாலரை வாக்கில் எழுகிறவர்கள்; தலைமுறை தலைமுறையாக. அதில் ஒரு பெண்ணை வெளியுலகத்தின் நேரமே தெரியாத அறையில் வைத்துப் பார்த்தபோது அவருடைய உள்நாள் 23.3 மணி நேரம்தான் இருந்தது. சாதாரணமாக அது 24 மணியைச் சற்றே தாண்டி 24.2 வாக்கில் இருக்கும். 2001-இல் இங்-ஹுய் ஃபூவும் டாசெக்கும் காரணத்தைக் கண்டார்கள். ஒரு குடும்பத்தில், பெர்2 மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது. கோனோப்காவின் ஈயிடம் பார்த்த அதே மரபணுவின் மனித உறவினர், 30 வருடம் கழித்து. பிறகு வேறு குடும்பங்களில் வேறு மரபணுக்களும் சிக்கின.

பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், அந்தப் பிழை வேலை செய்யும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பாட்டி, அம்மா என்று இறங்கி வந்தது உங்களிடம் வராமல் போயிருக்கலாம், அதில் அதிசயம் ஒன்றுமில்லை. எதிர்ப்பக்கத்துக்கும் ஜீன் உண்டு. 2017-இல் மைக்கேல் யங்கின் குழு, க்ரை1 மரபணுவின் ஒரு மாற்றத்தைக் கண்டது. அந்தப் புரதம் குழாயைக் கூடுதல் இறுக்கமாக மூடுகிறது, சுற்று நீள்கிறது. முதலில் ஆராயப்பட்டவருக்கு உள்நாள் சுமார் 24.5 மணி. அரை மணி நேரம்கூட இல்லாத வித்தியாசம்தானே என்று தோன்றும். ஆனால் கடிகாரம் தினமும் அந்த அளவு பின்னால் நழுவிக்கொண்டிருந்தால், தினமும் இழுத்துப் பிடிக்க வேண்டும்.

சோதனை செய்துகொள்ளலாமா என்றால், வேண்டாம் என்பது என் பதில். நான் சொன்னவை அரிய ஒற்றைப் பிழைகள். பெரும்பாலானோரின் கதை அப்படி இல்லை. 2019-இல் கிட்டத்தட்ட 7 லட்சம் பேரின் மரபணுத் தரவுகளை அலசி, காலைப் பறவையா ராக்கோழியா என்பதோடு தொடர்புள்ள 351 இடங்களைப் பட்டியலிட்டார்கள். காலை விழிப்புக்கான மாற்றங்கள் மிக அதிகமாக உள்ள 5 சதவீதத்தினரையும் மிகக் குறைவாக உள்ள 5 சதவீதத்தினரையும் ஒப்பிட்டால், தூங்கும் நேரத்தில் சராசரி வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? சுமார் 25 நிமிடம். உங்கள் சிக்கல் நாலு மணி நேரச் சிக்கல். காசு கொடுத்து வாங்கும் சோதனை அறிக்கையைவிட, இரண்டு வாரம் நீங்களே எழுதும் தூக்கக் குறிப்பேடு எனக்குப் பல மடங்கு உபயோகம். (கைக்கடிகாரம் காட்டும் ‘ஆழ்ந்த தூக்கம் 42 நிமிடம்’ போன்ற கணக்குகளோடு பலர் வருகிறார்கள். படுத்த நேரம், எழுந்த நேரம் மட்டும் சொல்லுங்கள் என்பேன்.)

ஆகவே, ஜீனா பழக்கமா என்றால்: சாய்வு ஜீன் தந்திருக்கலாம், ஆனால் 3 மணி வரை உருட்டிக்கொண்டு வந்ததில் வெளிச்சத்துக்குப் பெரிய பங்கு இருக்கும். வயதுக்கும் பங்குண்டு. பதின்வயதில் எல்லோருடைய கடிகாரமும் பின்னால் போகிறது, 20 வயது வாக்கில் மிகத் தாமதமாகி, பிறகு மெல்ல முன்னால் திரும்புகிறது. உங்களுடையது திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டது.

மேலாளர் விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். பிறவியிலேயே குறைந்த தூக்கம் போதுமான மனிதர்கள் உண்டு. 2009-இல் ஃபூவின் குழு ஒரு தாயிடமும் மகளிடமும் டெக்2 மரபணுவில் ஒரு மாற்றத்தைக் கண்டது. இருவரும் சுமார் ஆறே கால் மணி நேரம் தூங்கி உற்சாகமாக இருந்தார்கள். பிறகு வேறு சில மரபணுக்களும் தெரியவந்தன. ஆனால் இவர்கள் மிக அரிது, அதோடு யாரும் பழகி இப்படி ஆனவர்கள் இல்லை. மேலாளரிடம் ஒன்று மட்டும் கேட்டுப் பாருங்கள்: லீவு நாளில், அலாரம் இல்லாமல், எத்தனை மணிக்கு எழுகிறார்? அன்றும் 5 மணி நேரத்தில் தானாக எழுந்தால் அவர் பாக்கியவான். மதியம் வரை தூங்கினால் அவர் தூக்கக் கடன்காரர். 2003-இல் ஹான்ஸ் வான் டோங்கனும் அவர் சகாக்களும் செய்த சோதனையில், 14 நாள் தினமும் 6 மணி நேரம் மட்டும் படுக்க அனுமதிக்கப்பட்டவர்களின் கவனத் திறன், ஓரிரு இரவு முழுக்க விழித்திருந்தவர்களின் அளவுக்குச் சரிந்தது. கவனிக்க வேண்டியது அடுத்த செய்தி. தூக்கக் கலக்கம் எவ்வளவு என்று அவர்களையே கேட்டபோது, சில நாளுக்குப் பிறகு பெரிதாகக் கூடவில்லை என்றார்கள். பழகிப்போனது குறைவை உணராமல் இருப்பதற்குத்தான். நீங்கள் தூங்குவதோ வேலை நாளில் 4 மணி நேரம். இது சரியாகும் வரை காலையில் வண்டி ஓட்டாதீர்கள். இதை ஆலோசனையாகச் சொல்லவில்லை, கண்டிப்பாகச் சொல்கிறேன்.

இனி வெளிச்சம். விடியற்காலை நடை ஏன் உங்களைக் கெடுத்தது என்பதற்கு விடை சுவாரசியமானது. விழித்திரையில் பார்வைக்கான செல்களைத் தவிர, மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட சில செல்கள் உண்டு. நீல வெளிச்சத்துக்கு அதிகமாக எதிர்வினை காட்டி, நேராகக் கடிகாரத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. ஒரே வெளிச்சம், அது விழும் நேரத்தைப் பொறுத்து, கடிகாரத்தை முன்னாலும் தள்ளும் பின்னாலும் தள்ளும். திருப்புமுனை, உடல் வெப்பம் மிகக் குறையும் நேரம். தானாக எழும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு அது வரும். அதற்கு முன்னால் படும் வெளிச்சத்தை, "இன்னும் பொழுது சாயவில்லை" என்று கடிகாரம் எடுத்துக்கொண்டு பின்னால் போகும். அதற்குப் பின்னால் படுவதை, "விடிந்துவிட்டது" என்று எடுத்துக்கொண்டு முன்னால் வரும். 11 மணிக்குத் தானாக எழும் உங்களுக்குத் திருப்புமுனை 8 மணி, 9 மணி வாக்கில். கடன் அடைக்கும் தூக்கமும் அந்த 11-இல் கலந்திருக்கும் என்பதால் ஒரு மணி நேரம் முன்பின் இருக்கலாம். நீங்களோ 6 மணிச் சூரியனில் நடந்திருக்கிறீர்கள். மற்றவர்களுக்கு அது காலை வெளிச்சம். உங்கள் மூளைக்கு அது ராத்திரி வெளிச்சம். நல்ல எண்ணத்தோடு கடிகாரத்தை இன்னும் பின்னால் தள்ளியிருக்கிறீர்கள்!

ஆகவே செய்ய வேண்டியது இது. முடிந்தால் 10 நாள் லீவு கிடைக்கும் சமயத்தில் தொடங்குங்கள். முதல் இரண்டு நாள் காலை 10 மணிக்கு எழுந்து, எழுந்த கையோடு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வெளியே இருங்கள். ஜன்னலோரம் போதாது. வீட்டு விளக்கு சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) தந்தால் பெரிது. மேகமூட்ட நாளில்கூட வெளியே பல ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை எழும் நேரத்தை அரை மணி நேரம் முன்னால் கொண்டு வாருங்கள். 7:30-க்கு வந்ததும் அங்கேயே நிலைநிறுத்துங்கள், லீவு நாளிலும்கூட. நாலு மணி நேரத்தை நாலு நாளில் சரிக்கட்டப் பார்க்காதீர்கள், அதில்தான் பலர் தோற்கிறார்கள். மறுமுனையில், படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பிருந்தே கூரை விளக்குகளை அணைத்துவிட்டு ஒரு மங்கலான விளக்கோடு இருங்கள், கைப்பேசியைத் தள்ளி வையுங்கள். கொலராடோவில் கென்னத் ரைட்டின் குழு 2013-இல் 8 பேரை ஒரு வாரம் மின்விளக்கே இல்லாமல் காட்டில் முகாமிட வைத்தது. பகலில் வெயில், இரவில் தீ வெளிச்சம் மட்டும். ஒரே வாரத்தில் அவர்கள் கடிகாரம் ஏறக்குறைய 2 மணி நேரம் முன்னால் வந்துவிட்டது. ராக்கோழிகளிடம்தான் மாற்றம் அதிகம். என் போன்ற ராக்கோழிகளுக்கு இது ஆறுதலான செய்தி.

மெலட்டோனின் மாத்திரை தோற்றதற்கும் நேரம்தான் காரணம். அதைத் தூக்க மாத்திரை என்று நினைத்துப் போட்டிருக்கிறீர்கள். மூளையிலுள்ள பினியல் சுரப்பி அதை உடலுக்கு "இருட்டிவிட்டது" என்று அறிவிக்கத்தான் சுரக்கிறது. வழக்கமான தூக்கத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே சுரப்பு தொடங்கிவிடும். நீங்கள் 3 மணிக்கு மாத்திரை போடும்போது உங்கள் சொந்த மெலட்டோனின் ஏற்கெனவே ரத்தத்தில் நிறைந்திருக்கிறது. கடிகாரத்தை முன்னால் இழுக்க அதைத் தூங்கும் நேரத்துக்கு நாலைந்து மணி நேரம் முன்பு, குறைந்த அளவில் எடுக்க வேண்டும். பல சமயம் அரை மில்லிகிராமே போதும். ஆனால் தோழி தந்த மாத்திரையை வைத்து இதைச் செய்யாதீர்கள். வேறு மருந்துகள், வலிப்பு, கர்ப்பம் எல்லாவற்றையும் கேட்டுத்தான் ஒரு மருத்துவர் எழுதித் தருவார். ஆறு வாரம் முயன்றும் நகரவில்லை என்றாலோ, குறட்டையும் மூச்சடைப்பும் இருந்தாலோ, எதிலும் மனம் ஒட்டாத சோர்வு இருந்தாலோ, குறிப்பேட்டோடு ஒரு தூக்க மருத்துவரை நேரில் பாருங்கள். மனச்சோர்வும் தாமதத் தூக்கமும் அடிக்கடி கைகோத்து வரும்.

கடைசியாக அம்மா. 8 மணிக்குத் தூங்கி 3 மணிக்கு எழுந்தால் 7 மணி நேரம். பகலில் உற்சாகமாக இருக்கிறார், அவருக்கு அது தொந்தரவாகத் தெரியவில்லை என்றால் அது நோய் இல்லை, சிகிச்சையும் வேண்டாம். மாலையில் யாரோடும் பேச முடியாமல் போகிறதே என்று அவரே வருந்தினால், உங்களுக்குச் சொன்னதைத் தலைகீழாகச் செய்யலாம்: மாலை மங்கும் நேரத்தில் நல்ல வெளிச்சத்தில் இருக்கட்டும், எழுந்ததும் எல்லா விளக்கையும் போடாமல் விடியும் வரை மங்கலில் இருக்கட்டும். அப்புறம் அந்த 3 மணி விளக்கு. அம்மா போடும் வெளிச்சம் நீங்கள் படுத்திருக்கும் இடத்தில் விழுகிறதென்றால், இன்றைக்கே நடுவில் கனமான ஒரு திரையைத் தொங்கவிடுங்கள்.